பல் எஞ்சினுக்குத் தாலி பம்ப்

பம்ப் உட்காரவில்லை.

எஞ்சினின் விலாப் பக்கத்தில் ஆயில் பம்ப்புக்கென்று ஒரு துளை இருக்கிறது. அதில் நுழைத்து லேசாக ஒரு திருப்பு திருப்பினால் போய் உட்கார்ந்துகொள்ளும். எத்தனையோ தடவை உட்கார்ந்த அதே பம்ப், அன்றைக்கு ஒரு விரற்கடை வெளியே நின்றது. தத்தா மிஸ்திரி திருப்பிப் பார்த்தார். எண்ணெய் தடவிப் பார்த்தார். உள்ளங்கையால் தட்டிப் பார்த்தார். அசையவில்லை.

"அக்கா, போல்ட்டை வச்சு முடுக்கினா அதுவா உள்ளே இழுத்துக்கும்," என்றார். அவர் பேசுவது மராத்தி. நான் தமிழில் எழுதுகிறேன்.

சொல்லும்போதே ஸ்பேனரையும் எடுத்துவிட்டார்.

அது திங்கட்கிழமை காலை. தேஹு ரோடில் எங்கள் வீட்டை ஒட்டிய தகரக் கொட்டகை. கம்பெனிக்குப் போகாமல் வீட்டிலிருந்தே வேலை பார்த்த என் மகள் கலா, டீ கிளாஸோடு வாசலில் நின்றிருந்தாள். வியாழக்கிழமை ஜீப்புக்கு ஆர்.டி.ஓ. பாசிங். வண்டியைச் சோதித்துப் பதிவைப் புதுப்பிப்பதற்கு இந்த ஊரில் எல்லாரும் பாசிங் என்றுதான் சொல்வோம். அன்றைக்கு என் ஜீப் அங்கே ஓடிப் போய் நிற்காவிட்டால் பதிவு போய்விடும். பதிவு போனால் அது வண்டி இல்லை, தகரம்.

"ஸ்பேனரைக் கீழ வை தத்தா," என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்பதற்குக் கொஞ்சம் சுற்றித்தான் வரவேண்டும். இத்தனை வாரமாகப் படிக்கிறவர்களுக்கு என் நடை பழகியிருக்கும்.

கழுவும் மேடை

நாற்பது தாண்டி வண்டி ஓட்டக் கற்றுக்கொண்டதைப் போன வாரம் எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டு ஓர் அம்மா கேட்டிருக்கிறார்: எழுத்துக்கூட்டித்தான் படிப்பேன் என்கிறீர்கள், எஞ்சின் விஷயமெல்லாம் எப்படித் தெரியும்?

நியாயமான கேள்வி. குடியாத்தத்தில் மூன்றாம் வகுப்போடு என் பள்ளிக்கூடம் முடிந்தது. இங்கிலீஷில் எண் தெரியும், எழுத்து தெரியாது.

என் வீட்டுக்காரர் ராணுவ வண்டிகளைப் பழுது பார்க்கும் ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டராக இருந்தார். அவர் போனபின் அந்த வேலைக்குப் பதிலாக எனக்கு ஒரு வேலை கொடுத்தார்கள். கழுவும் மேடை. பிரித்த எஞ்சினின் பாகங்கள் வரும். மண்ணெண்ணெய்த் தொட்டியில் போட்டு, பிரஷ்ஷால் தேய்த்து, துணியால் துடைத்து, இனம் பிரித்துத் தட்டில் அடுக்க வேண்டும். இருபத்தொன்பது வருஷம் அதைத்தான் செய்தேன். சோற்றைப் பிசைந்தால் சோறு மண்ணெண்ணெய் வாசம் அடிக்கும். எலுமிச்சை ஊறுகாய் ஒன்றுதான் அதை வெல்லும். டப்பா திறக்கும்போதே ஊறுகாயைத்தான் முதலில் தேடுவோம்.

மேடையில் ஐந்து பெண்கள். பாகங்களில் கட்டியிருக்கும் சீட்டு இங்கிலீஷில் இருக்கும், ஐந்து பேருக்கும் படிக்க வராது. அதனால் எல்லாவற்றுக்கும் நாங்களே பெயர் வைத்துக்கொண்டோம்.

ஜீப் எஞ்சினில் இரண்டு விதம் வரும். வெளியே பார்த்தால் அக்கா தங்கை போல ஒரே ஜாடை. முன்மூடியைக் கழற்றினால்தான் வித்தியாசம் தெரியும். கிராங்க் என்று அடியில் ஒரு தண்டு சுற்றும். அதற்கு மேலே கேம் என்று ஒரு தண்டு, வால்வுகளைத் திறந்து மூடுவது. இரண்டாம் உலக யுத்த காலத்து எஞ்சினில் இந்த இரண்டையும் ஒரு சங்கிலி சேர்த்திருக்கும். பின்னால் வந்த எஞ்சினில் சங்கிலி கிடையாது. பல்சக்கரத்தோடு பல்சக்கரம் கடித்துக்கொண்டிருக்கும்.

ஆரணிப் பக்கத்து மேரிதான் பெயர் வைத்தாள். சங்கிலி போட்டது தாலி எஞ்சின். மற்றது பல்லுக்காரி.

எங்கள் சூப்பர்வைசர் மராத்திக்காரர். அவருக்குத் தாலி என்றால் சாப்பாட்டுத் தட்டு. எஞ்சினுக்குள் தட்டு எங்கே இருக்கிறது என்று ஒரு வாரம் யோசித்திருக்கிறார். கடைசியில் வெட்கத்தை விட்டு வந்து கேட்டார். அன்றைக்குச் சிரித்த சிரிப்பில் மேரியின் கையிலிருந்த வால்வு தொட்டிக்குள் விழுந்தது.

சங்கிலி போட்டால் இரண்டு தண்டும் ஒரே பக்கம் சுற்றும். பல்லோடு பல் வைத்தால் எதிரெதிர்ப் பக்கம் சுற்றும். மேரி அதற்கும் ஒன்று வைத்திருந்தாள்.

"தாலி கட்டினா அவன் போற பக்கமே இவளும் போவணும். பல்லுக்காரி எதிர்ப்பக்கம்தான் சுத்துவா. ரெண்டு வண்டியும் ஓடத்தானே செய்யுது?"

அப்போது எனக்குத் தாலி இறங்கி ஒரு வருஷம்கூட ஆகவில்லை. சொல்லிவிட்டு மேரி சட்டென்று என் முகத்தைப் பார்த்தாள். நான் சிரித்துக்கொண்டிருந்தேன். அதன்பிறகு அந்த மேடையில் யாரும் என்னைப் பார்த்துப் பேச்சை நிறுத்தியதில்லை.

பம்ப், கார்புரேட்டர் மாதிரிச் சின்னச் சாமான்கள் மட்டும் எங்களிடம் வராது. உள்ளறையில் நாற்காலி போட்டு உட்கார்ந்து ஆண்கள் பார்ப்பார்கள். இதை நீங்கள் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். நான் மறந்துவிட்டேன்.

எண் என்னுடையது

என் ஜீப் யுத்த காலத்துத் தாலி எஞ்சின் வண்டி. ராணுவம் கழித்துவிட்டதை ஒரு காண்டிராக்டர் எடுத்து ஓட்டி, அவர் அலுத்துப்போய் விற்றபோது நான் வாங்கினேன். இந்த வீடு என் வீட்டுக்காரர் பெயரில் இருந்து கலாவின் பெயருக்குப் போனது. கேஸ் இணைப்புகூட அவள் பெயரில்தான். என் பெயர் அச்சடித்த ஒரே புத்தகம் ஜீப்பின் ஆர்.சி. புத்தகம். கலாவைப் பள்ளிக்கூடத்துக்கு அதில்தான் கொண்டுபோய் விட்டேன். எங்கள் வரிசையில் மூன்று பிரசவங்களை ஆஸ்பத்திரிக்கு அதில்தான் கொண்டுபோனேன். அதில் ஒன்று பாதி வழியில் நிக்டியிலேயே ஆகிவிடும் போலிருந்தது. அதைத் தனியாக எழுதவேண்டும்.

இந்த வருஷம் மழை முடிந்ததும் எஞ்சினில் தட்டும் சத்தம் வந்தது. தத்தா பிரித்தார். கிராங்க்கில் கோடு கோடாகக் கீறல். ஏற்கெனவே பலமுறை கடைந்த தண்டு, இனிமேல் கடைய அதில் சதை இல்லை. கேமிலும் ஒரு மேடு தேய்ந்து மழுங்கியிருந்தது.

கலா ஹிஞ்சேவாடியில் ஒரு கம்பெனியில் வேலை பார்க்கிறாள். இங்கே பிறந்து இங்கே வளர்ந்தவள், தமிழில் தொடங்கி இந்தியில் முடிப்பாள். ஒருநாள் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"அம்மா, ஒரு பாத் சொல்றேன், கோபப்படாதே. ரஞ்சன்காவ் ரோட்ல ஒரு தாபா இருக்கு. அந்த ஓனர் ஜீப்பைக் கேட்கிறார். கேட் கிட்ட நிறுத்தி லைட் போடுவாராம். எல்லாரும் ஃபோட்டோ எடுப்பாங்க. எஞ்சின் இல்லன்னாலும் சலேகா, பரவாயில்லையாம்."

"எஞ்சின் இருக்கிற இடத்துல?"

"பூச்செடி. நல்லா இருக்கும்மா, அவர் டிசைன் காமிச்சார்."

"எனக்குந்தான் முட்டி தேஞ்சுபோச்சு. என்னை எந்த கேட்டுல நிறுத்தப் போற? தலையில என்னா செடி?"

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். நான் வண்டியில் போய் எங்காவது வழியில் நின்றுவிடுவேனோ என்ற பயம் அவளுக்கு. அதுவும் எனக்குத் தெரியும். அதனால் ஒரு வார்த்தை கொடுத்தேன். வியாழக்கிழமை பாசிங் ஆனால் வண்டி என்னோடு இருக்கும். ஆகாவிட்டால் தாபாக்காரர் வரட்டும், சாவியை நானே அவர் கையில் தருகிறேன்.

முழுசாக வேறு எஞ்சின் வைத்துவிடலாம் என்றார் தத்தா. சுலபம்தான். ஆனால் எஞ்சின் எண் பிளாக்கில் அடித்திருக்கிறது. பிளாக் என்பது எஞ்சினின் உடம்பு. உடம்பு மாறினால் எண் மாறும், எண் மாறினால் புத்தகம் பொய்யாகும். உள்ளே இருக்கிற தண்டுக்கும் சக்கரத்துக்கும் புத்தகத்தில் எண் கிடையாது. உடம்பு நம்முடையதாக இருக்கட்டும், குடலை மாற்றலாம் என்றேன்.

ஜூனா பஜார் ஞாயிறும் புதனும் கூடும். அங்கே பழைய இரும்பு விற்கும் பாபுபாயிடம் ஒரு ஜீப் எஞ்சின் கிடந்தது. பின்னால் வந்த வகை, பல்லுக்காரி. எங்கோ சூட்டோடு ஓடைத் தண்ணீரில் இறங்கியதில் பிளாக் வெடித்திருந்தது, ஆனால் உள்ளே கிராங்க் கண்ணாடி மாதிரி இருந்தது. கேமும் தேயவில்லை. வாங்கி வந்து அளந்தோம். கிராங்க் என் பிளாக்கில் அப்படியே பொருந்தியது.

ஆனால் அதன் கேம் எதிர்ப்பக்கம் சுற்றுவதற்கென்று செய்தது. அதை எடுத்து என் சங்கிலியில் மாட்ட முடியாது. அதனால் கிராங்க், கேம், இரண்டு பல்சக்கரம், முன்தட்டு எல்லாவற்றையும் ஒரே கூட்டாக மாற்றுவது என்று முடிவு செய்தோம். பல்லுக்கு எண்ணெய் பீச்ச ஒரு சின்னத் துளையும் தத்தா போட்டார். என் எஞ்சினின் தாலியைக் கழற்றிப் பழைய சாக்கில் சுற்றி வைத்தேன்.

அப்போது தத்தா கேட்டார், பம்ப்பையும் அதனுடையதே போட்டுவிடலாமா என்று. அவர் டீசல் வண்டிக்காரர், இந்தப் பழைய பெட்ரோல் ஜீப்புகளை அதிகம் பிரித்தவரில்லை. ஏதோ தோன்றியிருக்கிறது, கேட்டார்.

நான் அந்தப் பம்ப்பைப் பார்த்தேன். சேறு அடைத்துக் கிடந்தது. என் பம்ப் துடைத்த வெள்ளிக் கிண்ணம் மாதிரி தட்டில் இருந்தது.

"என் பம்ப்பு இருக்கும்போது அடுத்தவ பம்ப்பு எனக்கு எதுக்கு? அது கச்ரா, குப்பை."

கலாவும் பக்கத்தில்தான் நின்றிருந்தாள். வெடித்த பிளாக்கையும் அந்தப் பம்ப்பையும் சனிக்கிழமையே பாபுபாயின் டெம்போவில் ஏற்றி அனுப்பினேன்.

இடது தோள், வலது தோள்

இப்போது அந்தத் திங்கட்கிழமைக்கு வருகிறேன்.

ஸ்பேனரைக் கீழே வைக்கச் சொல்லிவிட்டு, பம்ப்பை வெளியே எடுத்து, துளைக்குள் விரலை விட்டேன். உள்ளே கேமின் பல் விரல் நுனியில் தட்டுப்பட்டது. அந்தப் பல் நேராக இருக்காது, சாய்ந்திருக்கும். பிறகு என் பம்ப்பின் பல்லைத் தடவினேன். அதுவும் சாய்ந்திருந்தது. ஆனால் நாம் முந்தானை போடுவது போல பம்ப்பின் பல் இடது தோளுக்குச் சாய்ந்திருந்தது, கேமின் பல் சேட்டு வீட்டுப் பெண்கள் போடுவது போல வலது தோளுக்கு.

கேம் எதிர்ப்பக்கம் சுற்றினாலும் பம்ப் தன் பழைய பக்கமே சுற்றவேண்டும். அதற்காகப் பல்லை மாற்றிச் சாய்த்து வெட்டியிருக்கிறார்கள். பல் எஞ்சினுக்குப் பல் எஞ்சினின் பம்ப்தான் கடிக்கும். நான் கொண்டுவந்து தாலி எஞ்சினின் பம்ப்பை வைத்திருந்தேன். போல்ட்டை முடுக்கியிருந்தால் பல் நொறுங்கி எஞ்சினுக்குள் விழுந்திருக்கும்.

கேம் எந்தப் பக்கம் சுற்றும் என்பது எனக்கு நாற்பது வருஷமாகத் தெரியும். பம்ப்பை நான் ஒருநாளும் கழுவியதில்லை. கழுவாததையும் தெரிந்ததாக எண்ணிக்கொண்டேன்.

கையைத் துடைத்துக்கொண்டேன்.

"தப்பு என்னுது தத்தா. நீ கேட்டது சரி."

தத்தா என்னையும் பம்ப்பையும் மாறி மாறிப் பார்த்தார்.

"அக்கா, இருபது வருஷமா உங்களைத் தெரியும். இந்த வார்த்தையை இன்னைக்குத்தான் கேட்கிறேன். மறுபடி ஒரு தடவை சொல்லுங்க, ஃபோன்ல பிடிச்சு வச்சுக்கறேன்."

கலா சிரிக்கவில்லை. "அப்போ நான் தாபாவுக்கு ஃபோன் பண்ணட்டுமா?" என்று கேட்டாள். குத்திக்காட்டவில்லை, களைத்துப்போய்க் கேட்டாள்.

"இன்னைக்கு திங்கள்தானே," என்றேன்.

மூன்று மூட்டை

பாபுபாய்க்கு ஃபோன் போட்டோம். உருக்காலைக்குப் போகும் மூட்டைகளில் ஒன்றில் அதைப் போட்டுவிட்டாராம். எந்த மூட்டை என்று ஞாபகமில்லை. புதன்கிழமை கடை விரிப்பார், மத்தியானம் லாரி வந்து மூட்டைகளை எடுத்துப்போகும். அதற்கு முன் வந்தால் தேடிக்கொள்ளலாம் என்றார்.

புதன் காலை முதல் லோக்கல் ரயிலில் ஏறினேன். கலா லீவு போட்டுவிட்டுக் கூட வந்தாள். நான் கூப்பிடவில்லை.

பஜாரில் பாபுபாய் அப்போதுதான் தார்ப்பாய் விரித்துக்கொண்டிருந்தார். மூன்று மூட்டையை எதிரில் சாய்த்து வைத்தார்.

"அம்மாஜி, கச்ரான்னு சொல்லி அனுப்பினது நீங்கதானே?"

"ஆமா. சொன்னதும் நான்தான், தேட வந்ததும் நான்தான். கொட்டுங்க."

தரையில் உட்கார்ந்தேன். என் வலது கண்ணில் புரை. வெயில் வேறு அடித்தது. கண்ணை நம்பிப் பிரயோசனமில்லை என்று கையாலேயே தேடினேன். ஸ்கூட்டர் சாமான், டெம்போ சாமான், தையல் மெஷின் சக்கரம், கதவுக் கீல் எல்லாம் வந்தது. முதல் மூட்டையில் இல்லை. இரண்டாவதில் ஒரு ஜீப் பம்ப் வந்தது. தடவினேன், இடது தோள். யாரோ வீசிய தாலி பம்ப், என்னுடையது மாதிரியே இன்னொன்று. ஒதுக்கி வைத்தேன்.

கலா அதுவரை எனக்குப் பின்னால் குடையோடு நின்றிருந்தாள். அவளுடைய கம்பெனி ஆட்கள் யாராவது பழைய கேமரா தேடி அந்தப் பக்கம் வந்துவிடுவார்களோ என்று சுற்றிச் சுற்றிப் பார்த்துக்கொண்டே இருந்தாள். தூரத்தில் லாரி ஹாரன் கேட்டதும் குடையை மடக்கினாள். என் எதிரில் சப்பணம் போட்டு உட்கார்ந்து, மூன்றாவது மூட்டையின் வாயைப் பிடித்துத் தன் மடிப்பக்கமாகவே கவிழ்த்தாள். கிரீஸ் வழிந்து குர்த்தாவெல்லாம் கறுப்பானது.

"எது எதுன்னு எனக்குத் தெரியாது. நான் எடுத்துக் கொடுக்கிறேன், நீ பாரு," என்றாள்.

அவள் எடுத்து நீட்டுவாள், நான் தடவிப் பார்த்துப் பின்னால் போடுவேன். லாரிக்காரர் வந்து பாபுபாயிடம் சத்தம் போட்டார். பாபுபாய் அவருக்கு ஒரு டீ வாங்கிக் கொடுத்து உட்காரவைத்தார். அந்த டீ குடித்து முடிவதற்குள் கலா ஒரு சேற்று உருண்டையை என் கையில் வைத்தாள். நகத்தால் சேற்றைச் சுரண்டிப் பல்லைத் தொட்டேன்.

வலது தோள்.

வீட்டுக்கு வந்ததும் மண்ணெண்ணெயில் ஊறப்போட்டுக் கழுவினேன். உள்ளே சக்கரங்கள் நன்றாகவே இருந்தன, சேறு ஒன்றுதான் குற்றம். விளக்கு வைக்கிற நேரத்துக்குத் தத்தா பம்ப்பைத் துளையில் வைத்துத் திருப்பினார். போய் உட்கார்ந்தது. எஞ்சினை ஸ்டார்ட் செய்தபோது எண்ணெய் காட்டும் முள் முதலில் எழவில்லை. தத்தா சாவிக்குக் கையை நீட்டியபோது முள் மெல்ல எழுந்து நடுவில் வந்து நின்றது.

பாசிங்

வியாழக்கிழமை தேஹு ரோடிலிருந்து நான்தான் ஓட்டிக்கொண்டு போனேன். புது உறுப்பு போட்ட எஞ்சினை விரட்டக்கூடாது. லாரிகள் எல்லாம் ஹாரன் அடித்துவிட்டுத் தாண்டிப் போயின. போகட்டும் என்று விட்டேன்.

இன்ஸ்பெக்டருக்குக் கலாவின் வயது இருக்கும். பானெட்டைத் திறக்கச் சொன்னார். பிளாக்கில் எண் இருக்கும் இடத்தைக் கட்டைவிரலால் துடைத்து, புத்தகத்தோடு ஒவ்வொரு எண்ணாக ஒத்துப் பார்த்தார். சரியாக இருந்தது. பிறகு நிமிர்ந்து, "எஞ்சின் ஒரிஜினலா?" என்று கேட்டார்.

கலா உடனே ஆமாம் என்றாள்.

"இரு கலா," என்றேன்.

என் மராத்தி கழுவும் மேடையில் கற்ற மராத்தி. அதிலேயே சொன்னேன். உடம்பு இதனுடையது. உள்ளே கிராங்க், கேம், பல்சக்கரம், பம்ப் நாலும் வேறு எஞ்சினுடையவை. அதுவும் இதே குடும்பம்தான், பின்னால் பிறந்தது.

கலா கண்ணை மூடிக்கொண்டாள். தத்தா தன் செருப்பைப் பார்த்தார். ஆமாம் என்ற ஒரு வார்த்தையோடு முடிந்திருக்க வேண்டியதுதான். ஆனால் நான் கூட்டிச் சேர்த்த எஞ்சினைப் பற்றி என் காது கேட்க ஒருவர் தப்பாக எழுதிக்கொள்வதை என்னால் தாங்க முடியாது. வண்டி தாபாவுக்குப் போனாலும் சரி என்றுதான் சொன்னேன்.

இன்ஸ்பெக்டர் டார்ச்சை அணைத்தார்.

"யார் போட்டது?"

"மாட்டினது இவர். எது எதோடு சேரும்னு சொன்னது நான். அதிலயும் ஒண்ணு தப்பாச் சொல்லிட்டு அப்புறம் திருத்தினேன்."

அவர் என் கையைப் பார்த்தார். நகக்கண்ணெல்லாம் கறுப்பு, நேற்றுக் கழுவியதன் மிச்சம்.

"மாவ்ஷி, எனக்கு வேண்டியது நம்பர். நம்பர் சரி. உள்ளே இருக்கிறது ஓடுதான்னு மட்டும் பார்க்கணும். ஸ்டார்ட் பண்ணச் சொல்லுங்க."

சொல்லிவிட்டுத் தத்தாவைப் பார்த்தார். நான் புடவையைச் செருகிக்கொண்டு ஏறி உட்கார்ந்தேன். மைதானத்தை ஒரு சுற்றுச் சுற்றிவரச் சொன்னார். சுற்றினேன். பிரேக் போடச் சொன்ன கோட்டில் போட்டேன். காகிதத்தில் முத்திரை குத்தி, கையெழுத்துக்கு நீட்டினார். தமிழில் போட்டேன். ஒன்றும் கேட்காமல் வாங்கிக்கொண்டு அடுத்து நின்ற லாரிக்குப் போய்விட்டார்.

கலா பக்கத்து சீட்டில் ஏறினாள். காகிதத்தை இரண்டு முறை படித்தாள். பிறகு தன் ஃபோனை எடுத்து யாருக்கோ நாலு வார்த்தை தட்டி அனுப்பினாள். யாருக்கு என்று நான் கேட்கவில்லை.

"ஆச்சும்மா. பந்த் பண்ணு, பெட்ரோல் வீணாகுது. தத்தா அண்ணா சாய் சொல்லியிருக்கார்."

முள் நடுவிலேயே நின்றிருந்தது. நான் சாவியைத் தொடவில்லை.

"ஓடட்டும்," என்றேன். "சாயை இங்கயே கொண்டாரச் சொல்லு."